மாதன் சொல்லவந்த எருமைக் கதை

முனிசிபாலிட்டியில் சுகாதார இன்ஸ்பெக்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன வாரம் என் மகள் கிரேஸிடமிருந்து கடிதம் வந்தது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பத்தொன்பது வயது. முதல் தடவையாகத் தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். கடிதத்தில் அட்டைப்பூச்சியைப் பற்றி நாலு வரி, பிள்ளைகளைப் பற்றி எட்டு வரி, கடைசியில் இது: "அப்பா, துரை பங்களாத் தோட்டத்தில் ரூபாப்பு வைத்திருக்கிறார்கள். இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. வேண்டுமா என்று தோட்டக்காரர் கேட்டார். உங்கள் முகம் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள்."

நான் உட்காரவில்லை. அடுத்த குன்னூர் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்க எழுந்தேன். என் மனைவி எஸ்தர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "வேண்டாம்னு சொல்லிட்டேன்னுதானே எழுதியிருக்கா? அந்த ஒரு வரிதான் உங்க கண்ணுல படாது" என்றாள். பட்டது. பட்டும் ரயில் அட்டவணையைத் தேடினேன். பன்னிரண்டு வருஷமாக அந்தச் செடியின் பெயரைக் கேட்டாலே நான் இப்படித்தான்.

மார்க்கெட்டில் உங்களிடம் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள். "கீரை இன்ஸ்பெக்டர்" என்று பேர் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் கதையில் நான் கவர்னருக்கே விஷம் வைத்தேன். உண்மை அதைவிடச் சின்னது, என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரியது. இந்த வருஷத்து சீசன் தொடங்குவதற்குள் அதை நானே எழுதிவிடுவது நல்லது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். வெயில் ஏறினால் சென்னையிலிருந்து கவர்னரும் அவருடைய ஆபீஸ்களும் மலை ஏறி வந்துவிடும். பூட்டிக் கிடந்த பங்களாக்கள் எல்லாம் திறக்கும். இரண்டு மாதம் இந்த ஊட்டி வேறு ஊராகிவிடும். பங்களாக்களுக்கு டர்னிப் வேண்டும், பீட்ரூட் வேண்டும், காலிஃபிளவர் வேண்டும். அதற்காகவே பக்கத்துக் கேத்தி ஊரில் ராகியும் சாமையும் விதைத்த துண்டு நிலங்களில் கேரட்டும் கோஸும் ஏறின. காடு, அதாவது புன்செய் நிலம், வைத்திருந்தவர்கள் எல்லோரும், தாங்கள் வாயில் வைத்தே பார்க்காத காய்களைப் பயிர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நாமும் வாயில் வைத்துப் பார்க்காத காய்களைப் பார்த்து, தின்ன ஏற்றது, ஏற்றதல்ல என்று தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பாக்கெட்டில் எப்போதும் சீவிய பென்சில்கள் இரண்டு இருக்கும். உங்களில் ஒருவரைப் போன வாரம் மார்க்கெட் வாசலில் பார்த்தேன். அவர் பாக்கெட்டில் மூன்று இருந்தன. கவலையாக இருந்தது.

நான் ஒரு விதி கொண்டுவந்திருந்தேன். பழைய காயைத் தண்டு நறுக்கி, கழுவி, புதுசு என்று விற்பார்கள். இலை இருந்தால் ஏமாற்ற முடியாது. வாடின இலை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, எந்தக் காயும் மார்க்கெட்டுக்குள் இலையோடுதான் வரவேண்டும், நான் பார்த்த பிறகு உள்ளே வைத்து நறுக்கிக்கொள்ளலாம். நல்ல விதி. இன்றும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

விளைவு, மார்க்கெட்டின் பின்பக்கம் இலை மலைபோல் குவிந்தது. மாடு நுழைந்தது, எலி நுழைந்தது, கடைசியில் எங்கள் ஹெல்த் ஆபீசர் துரையே நுழைந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பங்களாச் சமையற்காரன் வேண்டாமென்று தள்ளுகிற பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் டர்னிப் இலையும் நம் வீடுகளில் பொரியல் அல்லவா? அவற்றைப் பொறுக்கிக் கட்டி, காந்தள் என்ற பேட்டைப் பக்கத்து வீடுகளுக்குக் காலை எட்டு மணிக்கு இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். வாங்கும் வீடுகளின் பெயரை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன். காளியம்மா என்ற ஒரு பெண் வரிசையைப் பார்த்துக்கொண்டாள். அவள் குரலுக்கு மார்க்கெட் நாய்களே வரிசையில் நிற்கும்.

குப்பை போயிற்று. கீரை கிடைத்தது. ஹெல்த் ஆபீசர் என் அறிக்கையின் ஓரத்தில் 'குட்' என்று எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தை எஸ்தரிடம் காட்டினேன். சாயங்காலம் மறுபடி காட்டினேன். மூன்றாம் தடவை அவள், "ஃபிரேம் போட்டுடலாங்க" என்றாள். இரண்டு வருஷம் இது நடந்தது. ஒருவருக்கும் ஒரு வயிற்றுவலி கிடையாது. எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் அதுதான், தம்பிகளே. இரண்டு வருஷம் தப்பு நடக்கவில்லை என்றால், நாம் சரியாகத்தான் செய்கிறோம் என்று மனசு முத்திரை குத்திவிடுகிறது.

கவர்னர் வருகிற நாளன்று காலையில் மாதன் வந்தார். கேத்தியில் அரை ஏக்கர் வைத்திருந்த படகர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழக்கமாக உருளைக்கிழங்கு மண்டிக்குப் போகிறவர். அந்த வருஷம்தான் ரூபாப்பு, இங்கிலீஷில் ருபார்ப், என்ற புதுப் பயிரைக் கொண்டு மார்க்கெட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார். துரைசானிகள் அதன் தண்டைச் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்பார்களாம். அதற்கு முன் இரண்டு தடவை தண்டை மட்டும் நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். நான் விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவதாக மிரட்டியிருந்தேன். அன்று இலையோடு கொண்டுவந்தார். கூடவே ஒரு காலிச் சாக்கும் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

மாதனைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மனிதர், ஆனால் எதையும் நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. மழை பெய்கிறது என்று சொல்வதற்கு மேகம் எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவார். அவர் பேசத் தொடங்கினால் கேத்தியில் கிளம்பின ரயில் ஊட்டிக்கு வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியும் போய்விடும்.

"இலையோட கொண்டுவந்துட்டே. நல்லது" என்றேன்.

"ஆமாங்க ஐயா. நீங்க சொன்னீங்கன்னு கொண்டாந்தனுங்க. ஆனா இந்த எலெ இருக்குது பாருங்க… எங்க மாமனாருக்கு ஒரு எருமெ இருந்துதுங்க—"

பின்னால் பதினைந்து வண்டிகள் நின்றன. பத்து மணிக்குள் மார்க்கெட் துடைத்தது போல இருக்கவேண்டும் என்று உத்தரவு. "மாதா, உன் மாமனார் எருமைய நாளைக்கு விசாரிக்கலாம். வண்டிய நகர்த்து."

"இல்லீங்க ஐயா, அந்த எருமெ—"

"நகர்த்துய்யா!"

அவர் நகர்த்தினார். சரக்கைக் காசிம் பாய் கடையில் இறக்கிவிட்டு, வீட்டுச் சாமான் வாங்கப் பஜாருக்குப் போனார். காசிம் பாய்தான் பங்களாக்களுக்கு அனுப்பும் பெரிய காய்க்கடைக்காரர். அவர் தண்டுகளை நறுக்கிக் கட்டினார். இலை தனியாகக் குவிந்தது. நான் போய்ப் பார்த்தேன். தண்டு நம் செங்கீரைத்தண்டு மாதிரி சிவப்பு. ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டேன். நல்ல புளிப்பு. தண்டு தின்னத் தகுந்தது, ஆகவே இலையும் தகுந்தது. நம் தண்டுக்கீரையில் அப்படித்தானே? புளிக்கிறது, ஆகவே கடைந்தால் பிரமாதம். நம் புளிச்சகீரையில் அப்படித்தானே? இரண்டு 'ஆகவே'யில் காரியம் முடிந்துவிட்டது.

"இது என்ன கீரைங்க ஐயா?" என்றாள் காளியம்மா.

"துரைமார் புளிச்சகீரை" என்றேன். நானே வைத்த பேர்.

"அவுங்களுக்கும் நாக்கு இருக்குதாக்கும்!" என்று சொல்லி, ஒரு பெரிய கட்டாகப் பார்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பதினெட்டு வீடுகள் வாங்கின. பதினெட்டையும் நோட்டில் எழுதினேன். பத்தொன்பதாவது கட்டு என் வீட்டுக்கு. எஸ்தருக்குக் கடைந்த கீரை பிடிக்கும், கிரேஸுக்குப் புளிப்பென்றால் உயிர். பியூன் கையில் கொடுத்தனுப்பினேன். எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கிரேஸ் அங்கேயே இரண்டாம் வகுப்பு. காலையில் சமைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து போவார்கள்.

பதினொன்றேகால் இருக்கும். மார்க்கெட் துடைத்து வைத்தது போல் இருந்தது. மாதன் திரும்பி வந்தார். காலிக்கூடைகளை எடுத்துக்கொண்டு, மடித்த சாக்கை உதறினார். பின்பக்கம் போனார். வந்தார்.

"ஐயா, எலெ எங்கீங்க?"

"எந்த இலை?"

"ரூபாப்பு எலெங்க. எடுத்துட்டுப் போயி குழியில போட்டு மூடோணும். அதுக்குத்தான் சாக்கு கொண்டாந்தனுங்க."

"அதெல்லாம் அப்பவே ஜனங்களுக்குக் கீரையாக் குடுத்தாச்சு" என்று பெருமையோடு சொன்னேன்.

மாதனின் கையிலிருந்து சாக்கு விழுந்தது. "எலெ விசமுங்க" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்துக் கொஞ்ச நேரம் நான் என்ன செய்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆபீஸுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாள் எடுத்து, சீவிய பென்சிலால் அறிவிப்பு எழுதத் தொடங்கினேன். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று தொடங்கி, 'விஷம்' என்று எழுதினேன். கவர்னர் வருகிற நாள். மார்க்கெட்டில் விஷம் என்றால் ஊரே கெட்டுவிடும். அதை அடித்துவிட்டு 'உடலுக்கு ஒவ்வாத' என்று எழுதினேன். 'ஒவ்வாத' போதாதோ என்று பட்டது. 'சிலருக்கு ஒவ்வாத' என்று திருத்தினேன். என் குழந்தையின் டப்பாவில் அந்தக் கீரை இருக்கிறது. நான் சொல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போதும் தூக்கத்தில் எனக்கு வருவது கிரேஸின் முகமோ ஆஸ்பத்திரியோ இல்லை, அந்தத் தாள்தான்.

காசிம் பாய் வாசலில் வந்து நின்றார். மாதன் அவரிடமும் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க ஐயா, என்ன எழுதறீங்க?"

"அறிவிப்பு. தண்டோராக்காரன் எங்க?"

"அவன் டேசன்ல கவர்னருக்கு நிக்கறானுங்க. நீங்க இதுல கையெழுத்துப் போடறதுக்குள்ள காந்தள்ல தின்னுட்டுக் கை கழுவிருவாங்க!" அறையின் மூலையில் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கினார். தராசுக் கம்பியை எடுத்து ஒரு அடி அடித்துப் பார்த்தார். "இது போதுமுங்க. காந்தளுக்கு நான் போறேன். நீங்க குழந்தெகிட்டப் போங்க."

"என்ன சொல்லி அடிப்பீங்க?"

"விசம்னுதானுங்க. வேற என்னன்னு சொல்றது?"

மாதனும் அவர் பின்னால் ஓடினார். நான் சைக்கிளை எடுத்தேன்.

சேரிங் கிராஸ் சந்திப்புக்கு வந்ததும்தான் பாக்கெட்டில் நோட்டு இடித்தது. பதினெட்டு வீடுகளின் பெயரும் என்னிடம் இருக்கின்றன. காசிம் பாய்க்கு ஒரு பேரும் தெரியாது. காந்தள் என்ன, பத்து வீடா? திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிடும். நேராகப் போனால் பதினெட்டு வீட்டுப் பிள்ளைகள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். கவர்னருக்காகக் கட்டிய தோரணம் தலைக்கு மேல் படபடவென்று அடித்தது. ஒரு போலீஸ்காரர், "வழிய விட்டு நில்லுங்க சார்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். சரி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்ல வாய் வரவில்லை. உங்களில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள் தீர்ப்பு எழுதுங்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள்.

மேடேறிப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. எஸ்தர் மேல் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவளுடைய டப்பா திறக்கப்படவில்லை. இரண்டு பேரும் கிரேஸின் வகுப்புக்கு ஓடினோம்.

"கிரேஸ், டப்பாவத் திறந்தியா?"

"இல்லப்பா."

அப்பாடா என்றிருந்தது. ஆனால் டப்பாவை வாங்கித் திறந்தபோது, ஒரு பக்கம் கோழி கிளறினது போல இருந்தது. இடைவேளையில் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்பது வீட்டில் நான் போட்ட விதி. நான் எங்கே போனாலும் விதி போட்டுவிடுகிறவன். அதனால்தான் குழந்தை பொய் சொல்லியிருந்தாள்.

எஸ்தர் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "அப்பா திட்டமாட்டார். அம்மாவும் திட்டமாட்டேன். எவ்வளவு சாப்பிட்டே கண்ணு?"

"கொஞ்சூண்டும்மா. நாலு வாய். புளிப்பா நல்லா இருந்துச்சு." பிறகு கழுத்தைத் தொட்டுக்காட்டினாள். "இப்ப இங்க எரியுது."

எல்லா ரிக்‌ஷாக்களும் ஸ்டேஷனில் இருந்தன. கிரேஸை சைக்கிள் பாரில் உட்காரவைத்து இறக்கத்தில் விட்டேன். பாதி வழியில் அவள் என் கைமேல் வாந்தி எடுத்தாள். பின்னால் எஸ்தர் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். 'பிரேக் பிடிக்காதீங்க, பிரேக் பிடிக்காதீங்க' என்று கத்திக்கொண்டே வந்தாள். வேறு எந்த நாளிலும் அவள் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாத வார்த்தை.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டே, "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

நான் தொடங்கினேன். "மார்க்கெட்ல ஒரு விதி உண்டுங்க டாக்டர். காய்கள் இலையோடதான் வரணும். ஏன்னா வாடின இலை—"

"இன்ஸ்பெக்டர், ஒரு சொல்லுல சொல்லுங்க!"

"ரூபாப்பு. இலை."

மாதனை நான் நிறுத்தியது போலவே என்னை அவர் நிறுத்தினார். வித்தியாசம், அவர் எனக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து நிறுத்தினார். நான் மாதனுக்கு அதுகூடக் கொடுக்கவில்லை.

"அது அமிலம். சாக்குக்கட்டி வேணும், பால்ல கரைச்சுக் குடுக்கணும். கம்பவுண்டர்!" கம்பவுண்டர் கவர்னரைப் பார்க்கப் போயிருந்தார், மருந்தறைச் சாவியோடு. டாக்டரம்மா பல்லைக் கடித்தார். அப்போதுதான் மூச்சு வாங்க எஸ்தர் உள்ளே வந்தாள். இடது கையில் சாக்குக்கட்டிப் பெட்டி. கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைக்க மறந்து அவ்வளவு தூரமும் ஓடிவந்திருக்கிறாள். டாக்டரம்மா அந்தப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "டீச்சரம்மா, மருந்தோடயே வந்துட்டீங்க" என்றார். எஸ்தருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. உரலில் இட்டு இடித்தது நான்.

கிரேஸ் இன்னும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். சாக்குக்கட்டி கரைத்த பாலைக் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "இது போர்டுல எழுதறது. சாப்பிடறது இல்ல" என்று டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தாள். குழந்தை வாதாடுகிறாள் என்றால் நல்லது என்று சொன்னார் அவர். ஆனால் வெளியே கூப்பிட்டு என்னிடம் சொன்னது வேறு: இந்த அமிலம் சிறுநீரகத்தை அடிக்கும், இரண்டு நாள் போகவேண்டும், நீர் நன்றாகப் பிரிந்தால் பிழைத்தாள். அந்த இரண்டு நாளும் நான் என் மகளிடம் கேட்டது ஒரே கேள்விதான். அதற்குப் பிறகும் ஒரு மாதம் கேட்டேன். இன்றுவரை அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்கிறாள். லீவுக்கு வந்து ரயிலை விட்டு இறங்கினதும், நான் வாய் திறப்பதற்கு முன்னால், "ஆச்சுப்பா, நல்லாப் போச்சுப்பா" என்று பிளாட்பாரத்திலேயே சொல்வாள்.

மத்தியானம் காசிம் பாய் வந்தார். குரல் சுத்தமாகப் போயிருந்தது. பின்னால் மாட்டு வண்டியில் காந்தளிலிருந்து ஏழு பேர், சாப்பிட்டுவிட்டிருந்தவர்கள். காளியம்மா தன் புருஷனைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். அவரால் நிமிர முடியவில்லை. எஸ்தர் பெட்டியில் மீதியிருந்த கட்டிகளை எடுத்து வைத்தாள். நான் மறுபடி இடிக்கத் தொடங்கினேன். காளியம்மா என்னையும் உரலையும் பார்த்தாள்.

"ஏனுங்க ஐயா, காலைல கீரை குடுத்தீங்க, இப்பச் சாக்குக்கட்டி குடுக்கறீங்க. சோறு எப்பங்க போடுவீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் புருஷன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

நான் நோட்டைத் திறந்து, வந்திருந்தவர்களின் பெயரை வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். ஏழில் நாலு பேர் அதில் இல்லை. காளியம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருந்தாள். அந்த வீட்டுக்காரி எதிர்வீட்டுக்குப் பச்சையாகவே பாதிக் கட்டு கொடுத்திருந்தாள். அங்கேயிருந்து இன்னொரு வீடு. நம் ஊரில் கீரை ஒரு வீட்டில் நிற்குமா? மதிலைத் தாண்டாத குழம்பு ஒன்று உண்டா? நான் சேரிங் கிராஸிலிருந்து திரும்பி அந்த நோட்டைக் கொடுத்திருந்தால், காசிம் பாய் பதினெட்டுக் கதவுகளைத் தட்டி, மரியாதையாகக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பியிருப்பார். நோட்டு இல்லாததால் தெருத்தெருவாக டின்னை அடித்து "மார்க்கெட்டுல குடுத்த செவப்புத்தண்டு எலெ விசம்! வாயில வெக்காதீங்கோ!" என்று கத்தினார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிகளை மாதன் வீடு வீடாகப் புகுந்து கவிழ்த்தார். ஒரு வீட்டில் அவரைத் திருடன் என்று நினைத்துத் துடைப்பத்தால் அடித்தார்களாம். அடி வாங்கிக்கொண்டே கவிழ்த்தார்.

இதை மட்டும் உத்தியோக விஷயமாகவே சொல்கிறேன்: கெட்ட சேதியைப் பட்டியல் போட்டுச் சொல்லாதீர்கள். உரக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இருப்பது நாம் கொடுத்த வீடு. சேதி போய்ச்சேர வேண்டியது அவர்கள் கொடுத்த வீடு.

ஏழு பேரும் பிழைத்தார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் ஹெல்த் ஆபீசர் துரையிடமிருந்து தாள் வந்தது. நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். விஷ இலையைக் கொண்டுவந்த விவசாயியின் மார்க்கெட் பாஸை ரத்து செய்ய உத்தேசம். பாஸ் போனால் மாதன் ஊட்டியில் ஒரு கேரட்கூட விற்க முடியாது. அரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பக்கத்துக் காடுகளைப் போல அதுவும் யாராவது பங்களா கட்டுகிறவர் கைக்குப் போகும்.

குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து எழுதினேன். என் கை என்ன எழுதிற்று தெரியுமா? 'இலையின் தன்மை குறித்து மேற்படி விவசாயி எவ்விதத் தகவலும் தெரிவிக்கவில்லை.' பொய் என்று சொல்லமுடியாத வாக்கியம். எருமை என்பது தகவலா என்ன?

எஸ்தர் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களை அங்கேயே கொண்டுவந்து திருத்திக்கொண்டிருந்தாள். என் தாளையும் வாங்கிப் படித்தாள். "அவரு ஒண்ணுமே சொல்லலையா?"

"ஏதோ எருமையப் பத்திச் சொல்ல வந்தார். நேரமில்ல."

"என்ன எருமை?"

"தெரியல. மாமனார் எருமை."

கையிலிருந்த சிவப்புப் பென்சிலால், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கை அடிப்பதுபோல, அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'மறுபடி எழுதவும்' என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கிரேஸ் படுத்தபடியே எட்டிப் பார்த்து, "அப்பா ஃபெயிலா?" என்றாள்.

மறுபடி எழுதினேன். விவசாயி எச்சரிக்க இரண்டு முறை முயன்றார், இரண்டு முறையும் நான் தடுத்தேன். இலையோடு கொண்டுவரச் சொன்னது நான், இலையைக் கீரை என்றது நான், கொடுத்தது நான். நாலு 'நான்' எழுதக் கை வலித்தது. மாதனின் பாஸ் ரத்தாகவில்லை. அந்த வருஷம் பெரிய இன்ஸ்பெக்டர் பதவி எனக்கு வரும் என்று பேச்சு இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. மார்க்கெட்டிலேயே இருந்தேன். கீரை இன்ஸ்பெக்டர் என்று பேர் வந்தது. வருஷக்கணக்காகக் காளியம்மா என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன கீரைங்க ஐயா? நீங்க மொதல்ல ஒரு வாய் தின்னுட்டுக் குடுங்க" என்பாள். தின்றுவிட்டுத்தான் கொடுத்தேன்.

கிரேஸ் வீடு திரும்பின மறு வாரம் மாதன் மார்க்கெட்டுக்கு வந்தார். முன்நெற்றியில் துடைப்பக் கீறல் இன்னும் ஆறவில்லை. குழந்தைக்கென்று ஒரு கட்டு இளங்கேரட் கொண்டுவந்திருந்தார், இலையோடு. கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தப் போனார்.

"மாதன், கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

நின்றார். அவரை 'ங்க' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. தப்பு ஏதும் நடந்துவிட்டதோ என்று அவருக்குப் பயமாகிவிட்டது.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே. உங்க மாமனாரு எருமை."

பின்னால் வண்டிகள் நின்றன. யாரோ ஒருவர் கேத்தி ரயில் வந்துவிட்டது, கூடை இறக்கவேண்டும் என்று கத்தினார். மாதன் அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கோஸ் மூட்டையை இழுத்துப் போட்டு எனக்கு இடம் காட்டினார். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அந்த எருமெயோட ஆத்தா இருக்குது பாருங்க," என்று தொடங்கினார்.

நான் இரண்டு பென்சில்களையும் எடுத்துப் பைக்குள் போட்டேன்.